பொம்மைப் படம் யாருக்கு? எங்கள் ஊர்த் திரையிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை நீங்கள் போடும் படங்களைப் பார்க்க நாலு வருடமாக வருகிறேன். பின்வரிசையில் ஜன்னல் ஓரம், பெரும்பாலும் மகளோடு உட்கார்ந்திருப்பேன். முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும். கோத்தகிரியில் மழையிலும் பனியிலும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஈரான் படமும் வங்காளப் படமும் காட்டி, முடிந்ததும் எங்களைப் பேசவும் வைக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் இதை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். திறந்த மடலாக எழுதக் காரணம், வரைந்து எடுத்த படம் என்றாலே அது குழந்தைகளுக்கு என்ற எண்ணம் உங்களிடம் மட்டும் இருப்பது இல்லை. என் வீட்டிலும், நான் கணக்கு எழுதும் தேயிலை ஃபேக்டரி ஆபீஸிலும், என் மகளின் தோழிகள் வீடுகளிலும் அதே எண்ணம்தான்.

போன கூட்டத்தில் அடுத்த ஆறு மாதத்துக்குப் படம் சொல்லச் சொன்னீர்கள். நான் ஒரு ஜப்பானிய அனிமே படத்தின், அதாவது வரைந்து எடுத்த படத்தின், பெயரைச் சொன்னேன். "அது பொம்மைப் படம்மா, குழந்தைகள் தினத்துக்கு வச்சுக்கலாம்" என்று பதில் வந்தது. சொன்னவர் என் அப்பா வயதுக்காரர், நல்ல மனிதர், கேலியாகவும் சொல்லவில்லை. மற்றவர்களும் தலையாட்டினார்கள். பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

எனக்கு உடனே போன நவம்பர் 14 ஞாபகம் வந்தது.

அன்றைக்கு இதே அரங்கில் குழந்தைகளுக்கென்று ஒரு படம் போட்டீர்கள். அட்டையில் ஒரு அண்ணனும் தங்கையும், அவர்களைச் சுற்றி மின்மினிப் பூச்சிகள். பார்க்க அவ்வளவு அழகு. நான் வேலை முடிந்து வந்து சேர்ந்தபோது படம் பாதி ஓடியிருந்தது. திரையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாட்டா 1988-ல் எடுத்தது. 1945-ல் ஜப்பானின் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டதில் தாயை இழந்த 14 வயதுப் பையனும் அவன் 4 வயதுத் தங்கையும் பட்டினியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற கதை. பையன் இறந்துபோகும் காட்சியில்தான் படமே ஆரம்பிக்கிறது. உடம்பெல்லாம் வெந்து கட்டுப் போட்டுக் கிடக்கும் தாயைக் காட்டுவார்கள். தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. நான் எழுந்து நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூச்சமாக இருந்தது. அதை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாவும் அன்றைக்கு வந்திருந்தாள். ஆறு வயது. அவளுக்கு ஒரு குட்டித் தம்பி உண்டு. இரண்டு நாள் கழித்து அவள் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, இவ எதுக்கு பிஸ்கட்ட எல்லாம் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கிறா?" என்று கேட்டாள். தம்பிக்காம். சோறு தீர்ந்துபோனால் கொடுப்பதற்காம். அந்தப் படத்தில் பசியில் மதி மயங்கிய தங்கை மண்ணைச் சோறென்று உருட்டி அண்ணனுக்குக் கொடுப்பாள். "அந்தப் பாப்பா ஏன் மண்ண சோறுன்னு குடுத்துச்சு?" என்று இவள் ராத்திரி ராத்திரி கேட்டிருக்கிறாள்.

உங்கள் யாரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. குழந்தைகள் மேல் இருந்த அன்பில்தான் அந்த மாலையை ஏற்பாடு செய்தீர்கள், மிட்டாய் கூட வாங்கி வைத்திருந்தீர்கள். ஆனால் படத்தை முன்கூட்டியே ஒருவரும் பார்க்கவில்லை. வரைந்த படம் என்பதால் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டீர்கள். அதே நினைப்பில்தான், அனிமே என்று நான் சொன்னதும் அது என்ன கதை, யார் எடுத்தது என்று ஒரு கேள்வி கூடக் கேட்காமல் தள்ளி வைத்தீர்கள். பெரியவர்கள் பார்க்க வேண்டிய படத்தைக் குழந்தைகளுக்குப் போட்டதும், பெரியவர்களுக்கு நான் கேட்ட படத்தை மறுத்ததும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

என் அப்பா ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். 1960-ல் தொடங்கி 1967-லிருந்து பிலிம் தயாரித்த அரசு ஆலை அது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. நான் வளர்ந்தது அந்தக் குவார்ட்டர்ஸில். பிலிமில் வெளிச்சம் படக்கூடாது என்பதால் அப்பாவின் வேலை இருட்டில்தான் நடக்கும். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். சின்ன வயதில் நான் ஒருநாள், சினிமாவில் ஆள் நடப்பது எப்படி, டிவியில் பூனை எலியைத் துரத்துவது எப்படி என்று கேட்டேன். ஒரு துண்டு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. செகண்டுக்கு இருபத்துநாலு படம். எதுவும் அசையறதில்ல, நம்ம கண்ணுக்குத்தான் அசையுது. முன்னால ஆள் நின்னாரா, வரைஞ்ச தாள் இருந்துச்சான்னு பிலிமுக்குத் தெரியாது" என்றார்.

ஆலையை மூடிவிட்டார்கள், அப்பாவும் இல்லை. ஆனால் அனிமே பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னலும் அந்தத் துண்டு பிலிமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆளை நிறுத்தி எடுத்தால் பெரியவர்களுக்கு, வரைந்து எடுத்தால் பிள்ளைகளுக்கு என்ற பிரிவினை அந்த பிலிமில் இல்லை. அப்புறம் அது எங்கிருந்து வந்தது?

நம் வழக்கத்திலிருந்து வரவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகையில் 1906-லிருந்தே கருத்துப்படங்கள் வந்தன. வெள்ளைக்காரன் ஆட்சியை அந்தக் கோடுகள் குத்திக் கிழித்தன. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக் படத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைத் தமிழ்நாடு சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே தோல்பாவைக் கூத்து இருக்கிறது. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு, விளக்குக்கு முன்னால் வண்ணம் தீட்டிய தோல் பொம்மைகள், துணிக்கு இந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருக்கும். அதில் நல்லதங்காள் கதையை ஆடினார்கள். பஞ்சத்தில் பசி பொறுக்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த தாயின் கதை. அதைப் பொம்மை என்று நினைத்தா நம் பாட்டிமார் விடிய விடிய அழுதார்கள்? மின்மினிப் படத்தின் தங்கையும் நல்லதங்காளின் பிள்ளைகளும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள். அவ்வளவு ஏன், நமக்குப் பக்கத்தில் கரிக்கியூரில் பாறை மேல் மனிதரையும் விலங்குகளையும் வரைந்து வைத்தவர்கள் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டவா வரைந்தார்கள்?

அமெரிக்காவிலும் முதலில் அப்படி இல்லை. 1940-ல் வந்த டாம் அண்ட் ஜெர்ரி, தியேட்டரில் முக்கியப் படத்துக்கு முன்னால் எல்லா வயதுக்காரர்களும் பார்க்க எடுத்தது. 1960-ல் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடர் ராத்திரி நேரத்தில், சிகரெட் கம்பெனி விளம்பரத்தோடு டிவியில் வந்தது. அந்த அறுபதுகளில்தான் அங்கே டிவிக்காரர்கள் கார்ட்டூன்களைச் சனிக்கிழமை காலைக்கு ஒதுக்கினார்கள். பொம்மையும் தின்பண்டமும் விற்க அது தோதான நேரம். ஒரு வியாபார ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு டிவியோடு சேர்ந்து நம் வீட்டுக்கும் வந்துவிட்டது, நாமும் அதை இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டோம். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் மோக்லி பார்க்க நானும் ஓடியிருக்கிறேன். இந்தி புரியாது, ஆனாலும் ஒரு வாரம் விட்டதில்லை. அது ஜப்பானில் செய்த அனிமே என்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து, மகள் சொல்லித்தான்.

ஜப்பானில் நடந்தது வேறு. அங்கே படக்கதைப் பத்திரிகைகளையே சிறுவர்களுக்கு, சிறுமிகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். நம் பிள்ளைகள் மடியில் உட்கார்ந்து பார்க்கும் ஷின்சான் இருக்கிறானே, அவன் 1990-ல் முதலில் வந்தது பெரியவர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில். 'ஆஸ்ட்ரோ பாய்' படக்கதையைச் செய்த ஒசாமு தெசுகா டாக்டருக்குப் படித்தவர். மின்மினிப் படம் எடுத்த தகஹாட்டா ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிப் பிழைத்தவர். அவர் ஓடிய தெருவைத்தான் படத்தில் வரைய வைத்தார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு செய்தி சொல்கிறேன். 1988 ஏப்ரல் 16 அன்று, அந்த மின்மினிப் படமும் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'வும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் ஜப்பானிய தியேட்டர்களுக்கு வந்தன. இரண்டும் ஒரே ஸ்டூடியோ செய்தவை. ஒன்று எந்தக் குழந்தைக்கும் தைரியமாகக் காட்டலாம், மற்றது பெரியவர்களே தாங்குவது கஷ்டம். இரண்டுமே வரைந்த படம்தான்.

சரி, நான் சொன்ன படத்துக்கு வருகிறேன். அது மியாசாகி 1997-ல் எடுத்த 'பிரின்சஸ் மோனோனோகே'. இதை நம் ஊரில் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் என் மாமியார்.

அத்தை இலங்கை மலையகத்தில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் சேரம்பாடியில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968-ல் அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. காடு இருந்த இடத்தில்தான் அந்தத் தேயிலை நட்டது. முப்பது வருடம் கொழுந்து பறித்தார். மூட்டு வலி வந்த பிறகு கோத்தகிரிக்கு எங்களோடு வந்துவிட்டார். இலங்கையைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் பேசுவார். சேரம்பாடியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு மழை நாள் ராத்திரி என் மகள் செல்போனை டிவியோடு இணைத்து அந்தப் படத்தைப் போட்டாள். ஜப்பான் மொழியில் ஓடியது. கீழே வரும் ஆங்கிலத்தை அவள் படித்துப் படித்து அத்தைக்குத் தமிழில் சொன்னாள்.

கதை இதுதான். ஒரு காட்டுப் பன்றி, அந்த வனத்தின் தெய்வம், உடம்பில் இரும்புக் குண்டு ஏறி, வலியும் வெறுப்பும் முற்றி, புழு நெளியும் ஒரு சாபமாக மாறி ஊருக்குள் ஓடி வருகிறது. அதைக் கொன்ற இளைஞனின் கையில் அந்தச் சாபம் ஒட்டிக்கொள்கிறது. குண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிறான். ஒரு மலைக்காட்டின் ஓரத்தில் இரும்பு உருக்கும் ஊர் இருக்கிறது. அதை நடத்துபவர் எபோஷி என்ற பெண். உலை எரிக்கக் காட்டை வெட்டுகிறவர், பன்றியைச் சுட்டவரும் அவர்தான். சரி, இவர்தான் கெட்டவர் என்று நாம் முடிவு பண்ணும்போது அவருடைய ஊருக்குள் கூட்டிப் போகிறார்கள். துருத்தி மிதிக்கும் பெண்கள் எல்லாம் விபச்சார விடுதிகளிலிருந்து எபோஷி மீட்டு வந்தவர்கள். துப்பாக்கி செய்பவர்கள் எல்லோரும் ஒதுக்கி வைத்த தொழுநோயாளிகள், அவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டது அவர் கை. காட்டின் பக்கம் ஓநாய் வளர்த்த ஒரு பெண் எபோஷியைக் கொல்லத் துடிக்கிறாள். அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கடைசி வரைக்கும் படம் யார் பக்கமும் சாய்வதில்லை. முடிவில் மலை மறுபடி பச்சையாகிறது, ஆனால் பழைய காடு திரும்பி வருவதில்லை. அந்தப் பெண் மனிதர்களை மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

இந்தக் காட்டை வரைய அந்த ஓவியர்கள் யாகுஷிமா என்ற மழைத் தீவுக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். பாசி மூடிய பாறைகள், வேரோடு வேர் பின்னிக் கிடக்கும் மரங்கள், இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். நம் ஊர் லாங்வுட் சோலைக் காட்டுக்குள் காலை ஏழு மணிக்கு நடந்தவர்களுக்கு அந்த ஈரம் மூக்கிலேயே தெரியும்.

படம் முடிந்து கொஞ்ச நேரம் அத்தை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அந்த அம்மா மேல எனக்குக் கோவமே வரலம்மா. போக்கெடமில்லாத ஆளுங்களுக்குச் சோறு போடத்தான வெட்டுச்சு. எங்களுக்கும் அப்படித்தான வேல குடுத்தாங்க. ஆனா அந்தப் பன்னி ஓடி வந்துச்சு பாரு, அது வலி தாங்காம ஓடி வருது. ஆனயும் அப்படித்தான் வரும்." சொல்லிவிட்டு, எங்களுக்கு இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டுக் கதவுக்கு வெளியே ராத்திரி முழுக்க யானை மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. விடியக் காலை வேலைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரம்மா திரும்பி வராதது. அந்த யானையை விரட்ட எல்லோரும் தீப்பந்தம் கட்டியபோது, அதன் வயிற்றில் குட்டி இருந்ததைப் பார்த்துத் தன் கையிலிருந்த பந்தம் தானாகத் தாழ்ந்தது. என் மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

ஒன்பது வயதுப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் ஓநாயும் சண்டையும் தெரியும், கை வெட்டுப்பட்டு விழும் காட்சியில் பயந்துகொள்ளும். அத்தைக்குத் தெரிந்தது அறுபது வருட வாழ்க்கை. எழுத்து கூட்டித்தான் படிப்பார், உங்கள் திரையிடலுக்கு ஒருநாளும் வந்ததில்லை, "அதெல்லாம் படிச்சவங்களுக்கு" என்பார். அவரை வாய் திறக்க வைத்தது நீங்கள் பொம்மைப் படம் என்று தள்ளி வைத்த அந்தப் படம்தான்.

சீகூர் யானை வழித்தடம் பற்றிய பேச்சு நம் அரங்கில் எப்படிச் சண்டையாக முடிந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் மனசுக்குள் அந்த வழக்கு முடியவில்லை. காட்டைக் காக்கச் சொல்பவர்கள் ஒரு பக்கம், பட்டா வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்கவில்லை. காட்டெருமை மார்க்கெட் ரோட்டில் நடக்கும் ஊர் இது. நம்மில் பாதிப் பேர் சாப்பிடும் சோறு தேயிலையால் வருவது, அந்தத் தேயிலை சோலையும் புல்வெளியும் இருந்த மண்ணில் நிற்பது. இந்த மலையில் எபோஷியும் நாம்தான், குண்டு பட்ட பன்றியின் அயல்வீட்டுக்காரரும் நாம்தான். இதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் வரைய வேண்டும், ஆட்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்று ஒரு சார் கேட்டார். நல்ல கேள்வி. வெறுப்பு என்பது ஒரு உயிரின் தோலுக்கு மேல் எப்படி நெளியும் என்று எந்த நடிகரை வைத்துக் காட்டுவது? இஸ்ரேலைச் சேர்ந்த அரி ஃபோல்மன் 1982 லெபனான் போரில் சிப்பாயாக இருந்தவர். அங்கே தான் பார்த்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. மறந்துபோன நினைவைத் தேடி அவர் 2008-ல் எடுத்த 'வால்ட்ஸ் வித் பஷீர்' கடைசிக் காட்சி தவிர முழுக்க வரைந்த படம். கனவும் நினைவும் பொய்யும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வரும். அந்தக் கடைசிக் காட்சியில் ஓவியம் நின்று, படுகொலை நடந்த அகதி முகாமின் நிஜமான செய்திப்படம் வரும். அதுவரை வரைந்ததால்தான் அந்த நிஜம் அப்படி நெஞ்சில் இடிக்கிறது. ஈரானில் தான் வளர்ந்த கதையை மார்ஜான் சத்ரபி கறுப்பு வெள்ளையில் வரைந்த 'பெர்செபோலிஸ்' படத்துக்கு 2007-ல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. ஈரான் படங்களை இவ்வளவு நேசிக்கும் நீங்கள் அதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது எனக்கு ஆச்சரியம்தான். மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2002-ல் பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடியை வாங்கியது. அங்கே அதோடு போட்டி போட்டவை எல்லாம் நீங்கள் வழக்கமாகப் போடும் ரகப் படங்கள்.

அனிமே என்று பெயர் இருந்தாலே உயர்வு என்று நான் சொல்லவில்லை. வெறும் சண்டை, வெறும் கூச்சல் என்று ஓடும் தொடர்கள் ஏராளம். சிறுமிகளை அசிங்கமாக வரைகிறவையும் உண்டு, அவற்றை என் வீட்டில் நான் அனுமதிப்பதில்லை. குழந்தைகளுக்கென்றே செய்த நல்ல கார்ட்டூன்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு கதை சொல்வது பெரிய வேலை. ஒவ்வொரு படத்தையும் அதன் கதையை வைத்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சினிமாவில் நீங்கள் அப்படித்தானே செய்கிறீர்கள்? ஆட்கள் நடித்த படம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதில்லையே.

பெற்றோருக்கும் இதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி, மகன் எந்நேரமும் செல்போனில் இருப்பதைப் பற்றிச் சொல்லும்போது, "கார்ட்டூன்தான் பாக்கறான், பரவாயில்ல" என்றார். பையனுக்கு எட்டு வயது. அவன் பார்ப்பது 'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமே தொடர். முதல் பகுதியிலேயே, பனி மலையில் கரி விற்றுப் பிழைக்கும் பையன் வீடு திரும்பும்போது அவன் குடும்பமே ரத்த வெள்ளத்தில் கிடக்கும். பதினாறு வயதில் என் மகள் அதைப் பார்த்து ரசிக்கிறாள், அண்ணன் தங்கைப் பாசத்துக்கு அழுகிறாள். போன செப்டம்பரில், அதாவது 2025-ல், தமிழில் பேசி அதன் படம் தியேட்டருக்கு வந்தபோது கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய்ப் பார்த்தோம். அதே கதை எட்டு வயதுக்கு வேறு மாதிரி வேலை செய்யும்.

நம் நாட்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம், என்று மொத்தமாக இருந்ததை 2024-ல் 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஓடிடியில் 2021-லிருந்தே இந்த வயதுக் குறிப்பு உண்டு, படம் தொடங்கும்போது மூலையில் வரும். வரைந்த படத்துக்கும் அதே விதிதான். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வந்தபோதே பிரிட்டனில், பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சூனியக்காரியைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. திரை மூலையில் வரும் அந்த வயதுக் குறிப்பை நாம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இந்த வருடக் குழந்தைகள் தினப் படத்தை உங்களில் இரண்டு பேர் முதலில் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், கூட நானும் வருகிறேன். டோட்டோரோ போடலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்காகக் காத்திருக்கும் இரண்டு சகோதரிகளின் கதை. மியாசாகியின் அம்மாவும் அவர் சிறுவனாக இருந்தபோது பல வருடம் காசநோயில் படுத்திருந்தவர். பயம் இருக்கும், ஆனால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாவை நானே கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். இன்னொரு தடவை அந்த அரங்குக்கு வர அவளுக்கு ஆசை வரவேண்டும்.

மின்மினிப் படத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஆகஸ்ட் மாதம் ஹிரோஷிமா நாளை ஒட்டி, பெரியவர்களுக்கு என்று நோட்டீஸில் அச்சடித்துப் போடுங்கள்.

அப்புறம், ஒரு சனிக்கிழமை 'பிரின்சஸ் மோனோனோகே'. அதற்கு 13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று எழுதிவிடலாம். தோட்டத்து லயன்களிலும் படகர்களின் ஹட்டிகளிலும் பழங்குடி ஊர்களிலும் நேரில் போய்ச் சொல்லலாம், நானும் மகளும் வருகிறோம். வசனத்தை முழுக்கத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள், அன்றைக்கு மைக்கில் வாசிக்கத் தயார் என்கிறாள். படம் சுமார் இரண்டேகால் மணி நேரம். பேசுவதற்கு ஒரு மணி நேரம் விட வேண்டும், ஏனென்றால் அத்தை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வழக்கமான ஆறு மணிக்கு வேண்டாம், மூன்றரைக்கு ஆரம்பித்துவிடுங்கள். அப்போதுதான் தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பேசி முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

அன்புடன்,
பின்வரிசை ஜன்னல் ஓரத்து வாசகி,
கோத்தகிரி